ஏழாம் நம்பருக்கு விவரம் எழுதினவள்

எதைத் திறந்தாலும் அவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "இத நிறுத்துனா யாரு வூட்ல அடுப்பு எரியாதுங்க?"

நாங்கள் நிறுத்துவதைப் பற்றியே பேசியிருக்க மாட்டோம். ஏதோ நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும். அப்போதும் கேட்பாள். ஏற்கெனவே நான் கேஸை அணைத்தோமா, வண்டியைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ஜாதி. இவள் வேறு காலையில் வந்ததும் அடுப்பைப் பற்றிப் பேசுகிறாளே என்று இருக்கும்.

எங்கள் ஆபீஸ் நெய்வேலி டவுன்ஷிப்பில், பஜார் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். மொத்தம் மூன்று பேர். சார், சுரங்கத்தில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர், ஓனர். அடுத்து நான். அப்புறம் அவள். சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டர்களுக்காக ஒரு ஆப் வைத்திருந்தோம். யாருக்கு நாளைக்கு எந்த ஷிப்ட், எந்த கேட், வண்டி எங்கே நிற்கும் என்று முந்தின நாள் சாயங்காலமே ஆட்களுக்குச் சொல்லிவிடும். ஆப் ஓடுவது எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இல்லை. வேறு எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டர்களில் இடம் பிடித்து ஓட்டுவது. கிளவுடு என்பார்கள். அதில் எங்கள் ஆப்பை ஒன்பது துண்டாக வைத்திருந்தோம். ஒரு துண்டுக்கு ஒரு சர்வீஸ் என்று பேர். ஒன்று பாஸ்வேர்டு பார்க்கும், ஒன்று மெசேஜ் அனுப்பும், ஒன்று காண்ட்ராக்டரின் லோகோவைக் காட்டும், இப்படி. பக்கத்தைத் திறந்தால் ஒன்பதும் ஒன்பது வரியாக நிற்கும். ஒவ்வொன்றிலும் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். பேர் என்ன, விவரம் என்ன, எவ்வளவு மெமரி வேண்டும், எத்தனை பிரதி ஓட வேண்டும், எப்போது எழ வேண்டும்.

பேர் போட்டது சார். டவுன்ஷிப்காரர், வாழ்நாள் முழுக்க பிளாக் நம்பர், குவார்ட்டர்ஸ் நம்பர் என்றே இருந்தவர். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரைக்கும் நம்பர் போட்டுவிட்டார். "பேர் எதுக்கு, நம்பர் போதும்" என்பார். விவரம் என்ற கட்டத்தை யாரும் தொட்டதில்லை. அவள் வந்த பிறகுதான் அது நிரம்பியது.

அவள் எழுதுவது தமிழில். அதுவும் அவள் ஊர்ப் பேச்சில். ஒன்றாம் நம்பருக்கு எழுதியிருந்தாள்: 'இது வாட்ச்மேன். இவரு இல்லன்னா ஒருத்தரும் உள்ள நுழைய முடியாது. சாயங்காலம் அஞ்சுக்கு மேல இதுல கை வைக்காதீங்க, ஆளுங்க போனப் பாத்துகினு இருப்பாங்க.'

நாலாம் நம்பர்தான் அந்த லோகோ காட்டுவது. அதற்கும் அதே கேள்வியைக் கேட்டாள். சார் சிரித்துவிட்டார்.

"இத நிறுத்துனா யார் வீட்லயும் ஒண்ணும் ஆகாதும்மா. வெறும் படம்."

"அப்ப அதையே எழுதிடுறன் சார்."

எழுதியும் விட்டாள். 'இது படம் காட்டுறது. எடம் பத்தலன்னா மொதல்ல இத நிறுத்தலாம். யாரும் பட்டினி கெடக்க மாட்டாங்க.'

இந்தப் புத்தி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது கேட்டேன். எங்களிடம் வருவதற்கு முன் அவள் சுரங்கத்தில் காண்ட்ராக்டில் ஸ்டோர்ஸ் ஹெல்பராக இருந்தாள். நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டை ரிப்பேர் பண்ண ஆள் உள்ளே இறங்கினால், மேலே சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு இறங்குவான். 'ஆள் உள்ளே இருக்கிறார், போடாதே' என்று அதில் எழுதி, கீழே அவன் பேர், என்ன வேலை, எத்தனை மணிக்கு இறங்கினான். கட்டியவன்தான் அவிழ்க்கலாம். வேறு யார் வந்தாலும், எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், அதைத் தொடக் கூடாது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அட்டை எழுதும் வேலையை இவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"ஒருத்தரு அட்டய அவுக்க மறந்துட்டு வூட்டுக்குப் பூட்டாரு. வடலூருக்கு அந்தாண்ட வூடு. பெல்ட்டு நின்னுகினே இருக்குது. அவரு திரும்ப சைக்கிள் மிதிச்சிகினு வந்து அவுத்தப்புறம்தான் போட்டாங்க. எல்லாரும் அவரத் திட்டுறாங்க. ஆனா ஒருத்தரும் அட்டய அவுக்கல."

"போன்ல கேட்டுட்டு அவுத்திருக்கலாமே?"

"உள்ள ஆளு இல்லன்னு அவருக்குத்தானங்க தெரியும்."

நான் கேட்டதில் ஒரு தவறும் இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. ஆனால் அவள் என்னை வாங்க போங்க என்பாள், நான் அவளை வா போ என்பேன். யாரும் சொல்லி வைத்ததில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. என் அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் நாங்கள் பிறந்தோம். அவள் பக்கத்துக் கிராமம். சுரங்கத்துக்கு நிலம் போன குடும்பமா என்று ஒரு முறை சார் கேட்டார். "நெலம் இருந்தவங்களுக்கு நெலம் போச்சு சார். எங்களுக்கு அவங்க நெலத்துல இருந்த வேல போச்சு" என்றாள். சார் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

படிப்பிலும் அவள்தான் மேலே. ஸ்டோர்ஸ் வேலையோடு வேலையாக டிப்ளமோ முடித்தவள். நான் பத்தாவது கணக்குப் பரீட்சையில் பயந்து பாதியில் எழுந்து வந்தவள். அப்புறம் ஸ்கூல் பக்கமே போகவில்லை. டைப்பிங் தெரியும். அப்பாவும் சாரும் ஒரே ஷிப்டில் இருந்த பழக்கத்தில் இந்த ஆபீஸ் கிடைத்தது. எந்தக் கட்டத்தில் என்ன போட்டால் என்ன நடக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். 'சேவ்' பட்டனை எப்போதும் இரண்டு முறை அழுத்துவேன். ஒரு முறை அழுத்தினால் போதாது போலவே இருக்கும். "ஒரு கதவுக்கு எத்தினி தாப்பாளுங்க போடுவீங்க?" என்று அவள் கிண்டல் பண்ணுவாள்.

அவளை ஆறு மாதம் பார்க்கிறேன், நன்றாகச் செய்தால் பர்மனென்ட் என்று சார் சொல்லியிருந்தார். மூன்று பேர் ஆபீஸில் என்ன பர்மனென்ட் என்று சிரிக்கலாம். ஆனால் இந்த ஊரில் அந்த வார்த்தைக்கு இருக்கிற எடை வேறு. அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாளாம். "எங்கம்மா சும்மா இருக்க மாட்டுது. கோயில்ல பொங்க வெக்கறன்னு வேண்டிகினு வந்துட்டுது" என்று ஐந்தாவது மாதம் சொன்னாள். நான் ஈ என்று சிரித்தேன். உள்ளே, இவள் பர்மனென்ட் ஆனால் அப்புறம் நான் எதற்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி சாப்பாடு இறங்காது.

ஏழாம் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது முழுக்க அவள் செய்தது. ஆட்களில் பதினோரு பேரிடம் பெரிய போன் கிடையாது, பட்டன் போன்தான். மெசேஜ் வந்தாலும் படிக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஆறு மணிக்குப் போன் அடித்து, நாளைக்கு உங்களுக்கு இந்த ஷிப்ட், இந்த கேட் என்று குரலிலேயே சொல்லும் சர்வீஸ் அது. குரலும் அவளுடையதுதான். ரிக்கார்டு என்று தெரியாமல் அவர்கள் பதில் பேசுவார்கள். "ஏம் பாப்பா, நான் பேசிகினு இருக்கும்போதே வெச்சிடுறியே" என்று ஒரு பெரியவர் பஜாரில் அவளைப் பிடித்துக் கேட்டாராம். அன்றைக்கு ரிக்கார்டிங்கின் கடைசியில் 'வெச்சிடுறங்க' என்று ஒரு வார்த்தை சேர்த்தாள்.

ஏழுக்கு அவள் எழுதியிருந்த விவரம் எனக்கு இப்போது மனப்பாடம். நான்தானே அழித்தேன். 'இது பெரிய போன் இல்லாதவங்களுக்கு. பகல் பூரா தூங்கும். ஆறு மணிக்கு எழுந்து கூப்புடும். தூங்குதேன்னு நிறுத்திடாதீங்க. போன் வரலன்னா வேல இல்லன்னு அவங்க வூட்லயே இருந்துடுவாங்க. நிறுத்தறதா இருந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் நேர்ல போயி சொல்லிடுறன்.'

சென்னையிலிருந்து ஒரு பெரிய பார்ட்டி ஆப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. சார் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னம்மா இது, டைரி மாதிரி? வாட்ச்மேனாம், தூங்குமாம். இங்கிலீஷ்ல சுருக்கமா, டீசன்ட்டா மாத்திடு."

அவள் அன்றைக்குத் திருவதிகையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். வந்து மாற்றட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்தேன். சந்தோஷமாகத்தான் அழித்தேன், அதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கிருந்த இங்கிலீஷில் ஒன்றுக்கு 'லாகின் சர்வீஸ்', இரண்டுக்கு 'மெசேஜ் சர்வீஸ்' என்று போட்டேன். மற்றதுக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. மூன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் எல்லாவற்றுக்கும் 'சப் சர்வீஸ்' என்று போட்டேன். இரண்டு முறை சேவ்.

திங்கட்கிழமை வந்தவள் ஒன்பது வரியையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அப்புறம், "எங்கங்க போச்சு எல்லாம்?" என்றாள்.

"சார் சொன்னாரு."

"அப்ப இங்கிலீஷ்லயே நான் எழுதித் தரட்டுமா?"

"அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன், சார் மாதிரி.

அதற்குப் பிறகு மூன்று வாரம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். ஆட்கள் கேட்டில் போட்டோ எடுத்து அட்டெண்டன்ஸ் போடும் புது சர்வீஸை அன்றைக்கு ஏற்ற வேண்டும். பத்தாம் நம்பர். ஏற்றினால் ஏறவில்லை, மெமரி இடம் இல்லை என்று சிவப்பில் காட்டியது. சார் சிதம்பரத்திலிருந்து போன் பண்ணினார்.

"என்னம்மா, காண்ட்ராக்டர் கத்தறாரு. சும்மா கெடக்கறது எதையாவது நிறுத்திட்டு எடத்த ஒதுக்கு."

அவள் கீழே சாப்பிடப் போயிருந்தாள். பத்து நிமிஷத்தில் வந்துவிடுவாள். மாடிப்படியில் நின்று கூப்பிட்டால்கூடக் கேட்கும். ஆனால் அவளைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்டால் சார் என்ன நினைப்பார்? ஒன்பது வரியையும் பார்த்தேன். ஏழாம் நம்பர் காலையிலிருந்து ஒரு வேலையும் செய்யவில்லை என்று காட்டியது. விவரத்தில் 'சப் சர்வீஸ்' என்று இருந்தது. எத்தனை பிரதி ஓட வேண்டும் என்ற கட்டத்தில் ஒன்றை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன். சேவ். மறுபடி சேவ்.

பத்தாம் நம்பர் ஏறிவிட்டது. "பரவால்லியே, தனியாவே முடிச்சிட்டியே" என்றார் சார். அந்தப் பாராட்டு எனக்கே இருக்கட்டும் என்று அவள் மேலே வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. அது தூங்கிக்கொண்டிருந்த ஏழு என்று சத்தியமாக எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வந்திருந்தால் உடனே சரி பண்ணியிருப்பேனா என்றும் இப்போது சொல்லத் தெரியவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று சாயங்காலம் போன் போகவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கு, கையில் பட்டன் போனோடு அந்தப் பெரியவர் மாடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. அவளைப் பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது.

"ஏம் பாப்பா, மூணு நாளா நீ கூப்புடவே இல்லியே. ஒடம்பு கிடம்பு சரியில்லியோன்னு பாக்க வந்தன்."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "வேலைக்குப் போவலியா பெரியப்பா?"

"நீ கூப்புடல, வேல இல்லன்னு இருந்துட்டன். இன்னிக்கிப் போனா, மூணு நாளு வரல, லிஸ்ட்ல பேர எடுத்தாச்சுன்றாங்க. பதினோரு பேரயும் எடுத்துட்டாங்களாம். நீ ஒரு வார்த்த அவங்ககிட்ட சொல்லிடேன், நாந்தான் கூப்புடலன்னு."

அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, ஏழாம் நம்பரைத் திறந்தாள். பூஜ்யம். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு கணக்கு இருக்கும். அதைத் திறந்தாள். பேர் இடத்தில் 'அட்மின்' என்று இருந்தது. மூன்று பேரும் ஒரே பேரில்தான் உள்ளே போவோம். ஆளுக்கொரு லாகின் வேண்டும் என்று அவள் மூன்று தடவை கேட்டும், "மூணு பேருக்கு மூணு சாவியா?" என்று சார் தட்டிவிட்டிருந்தார். ஆனால் ஒரே மாற்றம் நாலு செகண்டு இடைவெளியில் இரண்டு தடவை பதிவாகியிருந்தது.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீங்களே சொல்லிடுங்க என்பது போல இருந்தது. நான் கீபோர்டைத் துடைத்தேன். அவள் அந்தப் பக்கத்தை மூடினாள்.

சார் வந்தபோது காண்ட்ராக்டர் போனில் இருந்தார். யாரையாவது தூக்குங்கள் என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு சார் நேரே அவளிடம் வந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஏழாம் நம்பர யாரு நிறுத்துனது?"

"எல்லாரும் ஒரே லாகின் சார். யாருன்னு அதுல காட்டாது."

"ஏழு யார் பொறுப்பு?"

"நாந்தான் சார்."

"அப்ப பதிலும் நீதான் சொல்லணும்."

அவள் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்காகத்தான். நான் வாயைத் திறந்திருக்கலாம். 'சார், நான்' என்று இரண்டு வார்த்தை. அப்பா முகம், குவார்ட்டர்ஸ் தெரு, பத்தாவதில் எழுந்து வந்த அன்றைக்கு எல்லோரும் பார்த்த பார்வை, என்னென்னவோ வந்தது. வார்த்தை வரவில்லை. வெள்ளிக்கிழமை யாரிடம் இடத்தை ஒதுக்கச் சொன்னோம் என்று சாருக்கு ஞாபகம் இல்லாமல் இருக்காது. அவருக்கும் தெரியும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவருக்கும் அவள் போவதுதான் சுலபம்.

"நாளையில இருந்து வர வேணாம்மா" என்றார்.

"சரி சார். இன்னிக்கி ஆறு மணி வரைக்கும் இருந்துட்டுப் போறன். போன் போவுதான்னு பாத்துடுறன்."

நாலாம் நம்பரை நிறுத்தி இடத்தை எடுத்தாள். ஏழில் ஒன்று போட்டாள். விவரத்தை மறுபடி எழுதினாள், தமிழில். ஆறு மணிக்குப் பதினோரு நம்பருக்கும் போன் போனதைத் திரையில் ஒவ்வொன்றாக எண்ணினாள். வேலையே இல்லாத பதினோரு பேருக்கு, நாளைக்கு உங்களுக்கு ஷிப்ட் இல்லை என்று, அன்றைக்குப் புதிதாக ரிக்கார்டு பண்ணிய அவள் குரல் போய்ச் சொன்னது. பிறகு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு, "வரங்க" என்றாள். நான் தலையாட்டினேன்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. அடுத்த மாதமே சார் என்னைக் கூப்பிட்டு, இனி நீதான் எல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

போன மாதம் சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். நான் பார்க்காத மாதிரி போய்விடத்தான் நினைத்தேன். அவளே வந்தாள். பண்ருட்டிப் பக்கம் ஒரு ஸ்கூல் ஆபீஸில் இருக்கிறாளாம். நான் நல்லா இருக்கேனா, அப்பா நல்லா இருக்காரா என்று கேட்டாள். "அன்னைக்கு நான்" என்று ஆரம்பித்தேன். அவள் குறுக்கே கேட்டாள்.

"அந்தப் பதினோரு பேரயும் திரும்ப சேத்துகினாங்களாங்க?"

எனக்குத் தெரியாது. இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் விசாரிக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"ம்ம், சேத்துட்டாங்க. எல்லாரையும்" என்றேன்.

அவள் தலையைக் குனிந்து பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "ஏழு பேரதாங்க சேத்தாங்க. நாலு பேர சேக்கல. அதுல பெரியப்பாவும் ஒருத்தரு. எங்க ஊருதான அவங்க, எனக்குத் தெரியும். அந்த நாலு பேருக்காவ ஆபீஸ்ல எதுனா பேசியிருப்பாங்களோ, உங்களுக்காவது தெரிஞ்சிருக்குமோன்னு கேட்டன்."

"சாரி" என்றேன். அதுவும் இங்கிலீஷில்தான் வந்தது.

"எங்கிட்ட எதுக்குங்க?" என்றாள். குரலில் சலிப்புகூட இல்லை. பண்ருட்டி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அவள் ஊர் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் இருபது நிமிஷம். நான் இன்னும் போகவில்லை.